சொல்லையும் பொருளையும் சேர்த்துத் தேடுவது: பத்திரக் கட்டுகளுக்கு நான் செய்த தேடுபொறி

கும்பகோணத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். சிவில் வழக்குகள்தான் அதிகம். பாகப்பிரிவினை, வழித் தகராறு, கிணற்றுப் பங்கு, அடமானம் திருப்புவது என்று எல்லாமே பழைய பத்திரத்தில் போய்த்தான் நிற்கும். ஆபீஸில் இருக்கும் நகல்களை எல்லாம் ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றி வைத்திருக்கிறோம். அதில் வேண்டியதைத் தேடி எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

ஒருநாள் ஒரு அம்மா வந்து, "எங்க அத்தை பங்கு வேண்டாம்னு எங்க அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தாங்களே, அந்தப் பத்திரம் உங்க ஆபீஸ்லதான் இருக்கு" என்றார். "பங்கு வேண்டாம்" என்று அடித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் இருந்த குமாஸ்தா அண்ணன் தலையை நிமிர்த்தாமலேயே, "விடுதலைப் பத்திரம்னு போடும்மா" என்றார். உடனே வந்துவிட்டது.

சனங்கள் பேசும் தமிழ் ஒன்று, பத்திரத்தில் இருக்கும் தமிழ் வேறு. மகளுக்கு வீட்டை எழுதி வைத்தேன் என்பார்கள், பத்திரத்தில் தான செட்டில்மெண்ட் என்று இருக்கும். வண்டி போகிற வழி என்பார்கள், பத்திரத்தில் வண்டிப்பாட்டை என்று இருக்கும். அடமானம் என்பார்கள், உள்ளே ஈடு, ஒத்தி, போக்கியம் என்று மூன்று விதமாக எழுதியிருக்கும். இந்த இரண்டு தமிழையும் இணைத்துப் பார்க்க எங்கள் ஆபீஸில் இருந்தது குமாஸ்தா அண்ணனின் ஞாபகம் ஒன்றுதான். அவருக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. அவர் இல்லாத நாளிலும் வந்தவர் வெறுங்கையோடு திரும்பிப் போகக்கூடாது என்றுதான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

முதலில் சொற்களை விட்டுவிட்டு, பொருளை வைத்துத் தேடும் ஏஐ மாடலை மட்டும் போட்டேன். "பங்கு வேண்டாம்" என்றால் விடுதலைப் பத்திரங்கள் வந்தன, சந்தோஷமாக இருந்தது. அடுத்த வாரம் சர்வே எண் 124/2பி வேண்டும் என்றார்கள். அது 124/3பி பத்திரத்தை முதலாவதாகக் கொண்டுவந்து நிறுத்தியது. பக்கத்து வயல். நல்லவேளை, மனுவில் ஏறுவதற்கு முன் பார்த்துவிட்டோம். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்: இரண்டு தேடலும் வேண்டும், எந்த இடத்தில் எதற்கு முதல் மரியாதை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். செய்த வரிசையிலேயே சொல்கிறேன். உங்களிடம் இருப்பது பத்திரமாக இல்லாமல் நூலகக் குறிப்பாகவோ சங்கத் தீர்மானமாகவோ இருந்தாலும் வழி இதேதான்.

எழுத்தைச் சரிசெய்வது

எல்லோரும் மாடலில் இருந்து தொடங்குகிறார்கள். தமிழைப் பொறுத்தவரை எழுத்தில் இருந்து தொடங்க வேண்டும். என் நேரத்தில் பாதி இங்கேதான் போனது, போனதில் வருத்தமில்லை.

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இருந்தால் முதலில் யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்துக்கு மாற்றுங்கள். யூனிகோடுக்கு வந்த பிறகும் வேலை இருக்கிறது. "கொ" என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு சொல். யூனிகோடின் என்எஃப்சி என்ற சீராக்கத்தை எல்லாக் கோப்புகளிலும் ஒருமுறை ஓட்டினால் இது சரியாகிவிடும்.

ஆனால் என்எஃப்சி தொடாத பிழை ஒன்று உண்டு. பத்திரங்களில் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்று ஒரு வாசகம் வரும், பார்த்திருப்பீர்கள். அதில் "பௌ" என்பதைப் பலர் ஒற்றைக் கொம்பு போட்டு, ப போட்டு, பின்னால் உயிர்மெய் "ள" அடித்து வைத்திருப்பார்கள். அச்சில் வித்தியாசமே தெரியாது. கொம்புக்குப் பின் ள வந்தால் ஔகாரமாக மாற்று என்று கண்ணை மூடிக்கொண்டு விதி எழுதாதீர்கள், "வெள்ளம்" கெட்டுப்போகும். நான் பௌத்திர, பௌர்ணமி, சௌகரியம், கௌரவம் என்று பட்டியல் போட்டு அந்தச் சொற்களை மட்டும் மாற்றினேன். "ஸ்ரீ"யிலும் இதே கதைதான். வழக்கமான ஸ கொண்டு எழுதியது ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ கொண்டு எழுதியது இன்னொன்று. கோயில் நிலப் பத்திரம் தேடுகிறவர்களுக்கு இது முக்கியம். ஏதாவது ஒன்றாக எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிடுங்கள். பழைய பத்திரங்களில் ௧, ௨, ௩ என்ற தமிழ் எண்கள் இருந்தால் அவற்றையும் 1, 2, 3 ஆக்கித் தேடலுக்கு மட்டும் தனிப் பிரதி வையுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள்.

இங்கே செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேட அடிக்கும் சொல்லுக்கும் அப்படியே செய்ய வேண்டும். கோப்புக்கு ஒரு நியாயம், கேள்விக்கு ஒரு நியாயம் என்று இருந்தால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

சொல் தேடல்

எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தோடு எஃப்டிஎஸ்5 என்ற முழுவுரைத் தேடல் வசதி வருகிறது. இலவசம். தனி சர்வர் வேண்டாம், ஒரே கோப்பு. எங்களைப் போன்ற சின்ன ஆபீஸுக்கு அது போதும். ஆனால் அதை அப்படியே போட்டால் தமிழ் உடைந்துவிடும். எப்படி உடைகிறது என்று கிட்டத்தில் காட்டுகிறேன், ஏனென்றால் இதை நான் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது.

"பட்டா" என்று தேடினேன். பட்டுச் சேலைக் கடைக்காரரின் வாடகை ஒப்பந்தம் வந்தது. பட்டி என்று முடியும் ஊர் வந்தது. என்ன காரணம்? எஃப்டிஎஸ்5 வழக்கமாகப் பயன்படுத்தும் யூனிகோட்61 என்ற சொல்பிரிப்பான், எழுத்து, எண் ஆகிய வகைகளை மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் புள்ளியும் கால், கொம்பு, சுழி எல்லாமும் யூனிகோடில் "குறி" என்ற வகையில் இருக்கின்றன. அதனால் அவற்றை இடைவெளி மாதிரி நினைத்து அங்கே வெட்டிவிடுகிறது. "பட்டா" என்பது "பட", "ட" என்று இரண்டு துண்டாகிறது. "பட்டு" என்பதும் "பட", "ட". "பட்டி"யும் அதேதான். மூன்றும் அதன் கணக்கில் ஒரே சொல். "பாடம்" தேடினால் "பீடம்" வருவதும் இதனால்தான்.

மருந்து ஒரு வரி. அட்டவணையை உருவாக்கும்போது சொல்பிரிப்பானின் வகைப் பட்டியலில் எழுத்து, எண் வகைகளோடு குறி வகையையும், அதாவது எம் என்று தொடங்கும் வகை முழுவதையும், சேர்த்துவிட வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியில் வேலை செய்கிறவர்களும் கவனியுங்கள். அங்கே சொல் என்று பொருள்படும் சின்ன டபிள்யூ குறியீடு நம் குறிகளைச் சேர்க்காது. சைகிட்-லேர்ன் என்ற நிரல் தொகுப்பில் இருக்கும் சொல் எண்ணும் கருவிகளும் வழக்கமான அமைப்பில் தமிழை இதே மாதிரி நொறுக்கும். எதைப் போட்டாலும் முதலில் நாலு தமிழ்ச் சொற்களைக் கொடுத்து, என்ன துண்டு வருகிறது என்று அச்சிட்டுப் பாருங்கள்.

எஃப்டிஎஸ்5 முடிவுகளை வரிசைப்படுத்தும் முறைக்கு பிஎம்25 என்று பெயர். ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்பதை வைத்து அதற்கு எடை போடலாம் என்று கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் எழுதினார். எல்லாப் பத்திரத்திலும் வரும் "சொத்து"க்கு எடை குறைவு, சில பத்திரங்களில் மட்டும் வரும் "தென்னந்தோப்பு"க்கு எடை அதிகம். அந்தக் கருத்தின் மேல் ஸ்டீஃபன் ராபர்ட்சனும் கூட இருந்தவர்களும் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஒகாபி என்ற தேடல் அமைப்புக்காக 1994 வாக்கில் செய்ததுதான் பிஎம்25. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் ஓர் அளவுக்கு மேல் மதிப்பெண் ஏறாது. நாற்பது பக்கப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு சொல் ஐந்து தடவை வருவதும், ஒரு பக்கச் சீட்டில் ஐந்து தடவை வருவதும் ஒன்றில்லை என்பதும் அதற்குத் தெரியும். எஃப்டிஎஸ்5-இல் இந்த மதிப்பெண் மைனஸில் வரும், சிறிய எண்தான் நல்ல முடிவு. தலைகீழாக வரிசைப்படுத்திவிட்டுக் குழம்பாதீர்கள்.

அப்புறம் வேற்றுமை உருபு. வீடு, வீட்டை, வீட்டில், வீட்டுக்கு எல்லாம் கம்ப்யூட்டருக்கு நாலு சொல். ஸ்னோபால் என்ற தொகுப்பில் தமிழுக்கு வேர்ச்சொல் பிரிப்பான் இருக்கிறது. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தின் 12-ஆம் பதிப்பில் இருந்து அதிலும் சேர்த்திருக்கிறார்கள். அதை ஓட்டிப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். நான் இரண்டு காரியம் கூடச் செய்தேன்.

ஒன்று, சொல்லின் கடைசியில் க், ச், த், ப் இருந்தால் வெட்டிவிடுவது. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. "தோப்பைக்", "தோப்பைச்", "தோப்பைத்", "தோப்பைப்" எல்லாம் சந்தியால் வந்த ஒற்று, நாலும் "தோப்பை" ஆகிவிடும். "பேங்க்" மாதிரி வெளிச்சொல்லும் வெட்டுப்படும்தான், கேள்வியிலும் அதேபோல வெட்டுவதால் நஷ்டமில்லை. இன்னொன்று, எங்கள் பத்திரங்களில் அடிக்கடி வரும் பெயர்ச்சொற்களுக்கு ஒரு சோடிப் பட்டியல்: வீடு–வீட்டு, கிணறு–கிணற்று, ஆறு–ஆற்று, நிலம்–நிலத்து, தோட்டம்–தோட்டத்து. ஒரு தாளில் அடங்குகிற பட்டியல், ஒரு மத்தியானத்தில் எழுதினேன். "கிணறு" என்று கேட்டால் "கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு" என்று எழுதிய பத்திரம் அதனால்தான் இப்போது வருகிறது.

பொருள் தேடல்

ஒரு வாக்கியத்தை மாடலிடம் கொடுத்தால் அது எண்களின் வரிசை ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும், 384 எண்ணோ 768 எண்ணோ 1024 எண்ணோ. பொருள் நெருங்கிய வாக்கியங்களுக்கு நெருங்கிய எண் வரிசை கிடைக்கும்படி அதைப் பழக்கியிருக்கிறார்கள். பத்திரங்களை முன்கூட்டியே எண்களாக மாற்றி வைத்துக்கொண்டு, கேள்வி வந்ததும் அதையும் எண்களாக்கி, எது பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

மாடலை எடுக்கும்போது தமிழ் உண்டா என்று பாருங்கள். "பன்மொழி" என்று பெயர் போட்டிருந்தால் போதாது. பலரும் எடுத்துக்கொள்ளும் பாராஃப்ரேஸ் மல்டிலிங்குவல் மினிஎல்எம் என்ற சின்ன மாடலின் மொழிப் பட்டியலில் இந்தி, குஜராத்தி, மராத்தி, உருது உண்டு, தமிழ் இல்லை. அது ஏதோ ஒரு முடிவைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும், தப்பு என்று சொல்லாது. நான் வைத்திருப்பது பிஜிஇ-எம்3. பத்திரத்தில் இருந்து வெட்டிக் கொடுக்கும் ஓர் உரைத் துண்டுக்கு 1024 எண் கொடுக்கும், நீளமான உரையும் தாங்கும். கம்ப்யூட்டர் பழசாக இருந்தால் மல்டிலிங்குவல் ஈ5-இன் சின்ன வடிவம் போதும், அது 384 எண். ஈ5 எடுத்தால் ஒரு விதியை மறக்காதீர்கள்: கேள்விக்கு முன்னால் "க்வெரி", ஆவணத்துக்கு முன்னால் "பாசேஜ்" என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதி முக்காற்புள்ளி வைக்க வேண்டும். அப்படித்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். விட்டுவிட்டால் தரம் குறையும்.

இரண்டையும் ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும், இன்டர்நெட் இல்லாமலே ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடும். எனக்கு இது பெரிய விஷயம். கட்சிக்காரர் நம்பிக் கொடுத்த பத்திரத்தை வெளியே எங்கேயும் அனுப்ப எனக்கு மனமில்லை, உரிமையும் இல்லை.

எண் வரிசைகளை வைக்கத் தனித் தரவுத்தளம் வாங்க வேண்டும் என்பார்கள். கணக்குப் போடுங்கள். 30,000 துண்டு, ஒவ்வொன்றுக்கும் 1024 எண், ஒரு எண்ணுக்கு 4 பைட். மொத்தம் 123 எம்பி-க்குப் பக்கம். நம்பை என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் ஒரே அணியாக வைத்துக்கொண்டு எல்லாவற்றோடும் நேரடியாக ஒப்பிட்டால் கண் இமைக்கும் நேரம்தான். லட்சக்கணக்கில் போனால் அப்போது வேறு யோசிக்கலாம்.

பத்திரத்தை எங்கே வெட்டுவது

இதைச் சரியாகச் செய்தால் மாடலை மாற்றுவதைவிடப் பலன் அதிகம்.

ஒரு பத்திரத்தை முழுசாக ஒரே எண் வரிசையாக்கினேன் முதலில். எந்தக் கேள்விக்கும் எல்லாப் பத்திரமும் ஒன்றுபோலவே நெருக்கமாக வந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். தொடக்கத்தில் தேதி, தகப்பனார் பெயர், விலாசம். நடுவில் "சுயநினைவுடனும் பூரண சம்மதத்துடனும்". கடைசியில் "சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது". கிரயமானாலும் தானமானாலும் இந்த வாசகங்கள் மாறாது. ஒரு பத்திரத்தை இன்னொன்றில் இருந்து பிரித்துக் காட்டும் சங்கதி நாலைந்து வரிதான், அது இந்த வாசகங்களுக்குள் அமுங்கிப்போகிறது.

அதனால் இத்தனை சொல்லுக்கு ஒருமுறை என்று வெட்டாமல், பத்திரத்தின் உறுப்புகளில் வெட்டினேன். யார் யாருக்கு எழுதியது என்பது ஒரு துண்டு. எதற்காக எழுதியது, பணம் எப்படிக் கைமாறியது என்பது ஒரு துண்டு. நிபந்தனைகள் தனி. தபசில் என்று தொடங்கும் சொத்து விவரம் தனி, அதில் சொத்து பல இருந்தால் ஒவ்வொன்றும் தனி. மாறாத வாசகங்களைத் தேடலில் இருந்தே எடுத்துவிட்டேன். இதற்கு மாடல் எதுவும் தேவைப்படவில்லை. "தபசில்", "சொத்து விவரம்", "சாட்சிகள்" போன்ற தலைப்புச் சொற்களைத் தேடி அங்கே வெட்டினால் பெரும்பாலும் சரியாக வரும்.

துண்டைத் தனியாகப் பிரித்தால் அது எந்தப் பத்திரம் என்பது தெரியாமல் போகும். ஆகவே ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரு வரி சேர்க்கிறேன்: "விடுதலைப் பத்திரம், 1987, திருநாகேஸ்வரம்" என்கிற மாதிரி. அந்த ஒரு வரியால் பொருள் தேடல் எவ்வளவோ தெளிந்தது.

நீளத்தையும் பாருங்கள். மாடல் உரையைச் சின்னச் சின்னத் துணுக்காக உடைத்துப் படிக்கும், அந்தத் துணுக்குதான் டோக்கன்; ஈ5 ஒரு தடவைக்கு 512 டோக்கன்தான் படிக்கும். தமிழ்ச் சொல் ஒன்று இரண்டு மூன்று டோக்கனாக உடையும் என்பதால் 512 என்பது கைக்கு அவ்வளவாக வராது. மீதியைச் சொல்லாமலேயே விட்டுவிடும். நீளமான தபசில் இருந்தால் இரண்டாக வெட்டி, இரண்டின் தலையிலும் அதே வரியைப் போடுங்கள்.

இரண்டையும் சேர்ப்பது

சொல் தேடல் ஒரு மதிப்பெண் தருகிறது, பொருள் தேடல் ஒரு மதிப்பெண் தருகிறது, கூட்டிவிடலாமே என்று தோன்றும். கூட்டக்கூடாது. பிஎம்25 மதிப்பெண்ணுக்கு மேல்வரம்பு இல்லை. பொருள் தேடலின் ஒப்புமை எண்ணோ சின்ன இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஈ5-இல் பெரும்பாலான எண்கள் 0.7-க்கும் 1-க்கும் நடுவிலேயே வரும், சம்பந்தமில்லாத துண்டுக்கும்கூட. ஆகவே 0.8-க்கு மேல் வந்தால் சரியான விடை என்று கோடு போடவும் முடியாது. அந்த எண்ணுக்குத் தனியாக அர்த்தமில்லை, வரிசைக்குத்தான் அர்த்தம்.

வரிசையை மட்டும் வைத்துச் சேர்க்கும் முறையை கோர்மாக், கிளார்க், பியூட்சர் மூவரும் 2009-இல் வெளியிட்டார்கள். ஆர்ஆர்எஃப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். விரல்விட்டு எண்ணும் கணக்குதான்: ஒரு பட்டியலில் ஒரு துண்டு எத்தனாவது இடமோ அதோடு 60 கூட்டி, ஒன்றை அதால் வகு. இரண்டு பட்டியலிலும் கிடைத்ததைக் கூட்டு.

மூன்று பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். முதலாவது, சொல் தேடலில் முதலிடம், பொருள் தேடலில் வரவே இல்லை. 61-இல் ஒரு பங்கு, 0.0164. இரண்டாவது, இரண்டு தேடலிலும் ஐந்தாமிடம். 65-இல் ஒரு பங்கு இரண்டு தடவை, 0.0308. மூன்றாவது, பொருள் தேடலில் முதலிடம், சொல் தேடலில் ஒன்பதாமிடம். 0.0164-உடன் 0.0145 சேர்ந்து 0.0309. மூன்றாவது முதலில் வரும், இரண்டாவது மயிரிழையில் பின்னால் நிற்கும், முதலாவது தள்ளிப்போகும். இரண்டு சாட்சி சொன்னதை ஒரு சாட்சி சொன்னதைவிட நம்புவது மாதிரி. ஒவ்வொரு தேடலிலும் முதல் 50 துண்டுகளை எடுத்து இப்படிச் சேர்க்கிறேன். ஒரே பத்திரத்தின் நாலு துண்டு வந்தால் மேலே இருப்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

எண் வந்தால் வேறு சட்டம்

இப்போது 124/2பி-க்கு வருவோம். பொருள் மாடலுக்கு 124/2பி-யும் 124/3பி-யும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் "ஏதோ ஒரு சர்வே எண்". மேலே பார்த்தீர்களே, இரண்டு பட்டியலிலும் நடுவாக இருக்கும் பத்திரம், சொல் தேடலில் மட்டும் முதலாவதாக வந்த சரியான பத்திரத்தை ஆர்ஆர்எஃப்-இல் முந்திவிடும். மற்ற கேள்விகளுக்கு அது நல்லது. எண்ணுக்கு அது ஆபத்து. நிலத்தில் ஓர் எண் மாறினால் ஒருவருடைய வயல் இன்னொருவருடையது ஆகிவிடும்.

அதனால் தரவுத்தள அட்டவணையில் எண்களுக்கென்று தனிப் பத்தி வைத்தேன். ச.எண், சர்வே நம்பர், புல எண், ரீ.ச. என்று எப்படி எழுதியிருந்தாலும், 124/2பி, 124-2பி, ஆங்கில எழுத்தில் பி போட்டது எல்லாவற்றையும் ஒரே வடிவமாக்கி அந்தப் பத்தியில் போட்டுவிடுகிறேன். கேள்வியில் அப்படி ஓர் எண் இருந்தால் முதலில் அந்தப் பத்தியில் அச்சாகப் பொருந்துகிறவை மட்டும் தேறும். தேறியதற்குள்தான் பொருள் தேடல் வரிசை பார்க்கலாம். ஒன்றும் தேறாவிட்டால் "இந்த எண்ணில் பத்திரம் இல்லை" என்று திரையில் தெளிவாக வரும். பக்கத்து எண்ணைக் காட்டவே காட்டாது.

பத்திர எண்ணும் வருஷமும் இதே விதிக்குள். ஊர்ப் பெயரும் கிட்டத்தட்ட இப்படித்தான். நாச்சியார்கோவிலையும் திருநாகேஸ்வரத்தையும் மாடல் ஒன்றாக நினைக்கும், இரண்டும் கும்பகோணத்தை ஒட்டிய கோயில் ஊர்கள் ஆயிற்றே. ஊருக்கு நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், கோவில்–கோயில் மாதிரி எழுத்து வித்தியாசங்களோடு.

ஆள் பெயருக்கு வேறு தொல்லை. முத்துலட்சுமி ஒரு பத்திரத்தில், அதே அம்மா அடுத்த பத்திரத்தில் முத்துலெட்சுமி. எஃப்டிஎஸ்5-இல் மும்மூன்று எழுத்தாக வெட்டும் டிரைகிராம் பிரிப்பானும் இருக்கிறது. பெயர்ப் பத்தியை மட்டும் அதில் போட்டு, பெயரை மூன்று மூன்று எழுத்தாக உடைத்து, எத்தனை துண்டு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறேன். யார் விற்றார், யார் வாங்கினார் என்பதையும் பொருள் மாடலிடம் விடாதீர்கள். "ராமன் கண்ணனுக்கு விற்றது", "கண்ணன் ராமனுக்கு விற்றது" இரண்டும் அதற்குப் பக்கத்துப் பக்கத்து வாக்கியம். எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் என்று இரண்டு பத்தி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

அளவுகளும் உண்டு. எங்கள் பக்கம் பழைய பத்திரங்களில் குழி, மா, வேலி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்பது 33 சென்ட் வாக்கில். "ஒரு ஏக்கர்" என்று கேட்கிறவருக்கு "மூன்று மா" என்று எழுதிய பத்திரத்தை எந்த மாடலும் நம்பகமாக எடுத்துத் தராது. தபசிலில் அளவைப் படித்து, சென்ட் கணக்கில் ஒரு பத்தி வைத்துவிட்டேன்.

குமாஸ்தா அண்ணனின் நோட்டு

மாடல் படித்த தமிழ் பெரும்பாலும் இன்டர்நெட்டில் கிடைக்கும் தமிழ். பத்திரத் தமிழை அது அதிகம் பார்த்திருக்காது. "ஒத்தி" என்றால் சுவாதீனத்தோடு கொடுத்த அடமானம் என்பதோ, "பாத்தியம்" என்றால் உரிமை என்பதோ அதற்குச் சில இடத்தில் தெரிகிறது, சில இடத்தில் தெரியவில்லை. அங்கே மனிதர்தான் வர வேண்டும்.

தினமும் சாயந்திரம் கால் மணி நேரம் குமாஸ்தா அண்ணனோடு உட்கார்ந்தேன். நான் ஊர்ப் பேச்சில் ஒன்று கேட்பேன், அவர் பத்திரச் சொல்லைச் சொல்வார். "பங்கு பிரிச்சது?" "பாகப்பிரிவினை, பாக சாசனம், பழசுல கூர்ச்சீட்டுன்னு இருக்கும்." "நாலு பக்கத்து எல்லை?" "சக்குபந்தி. நான்கெல்லைன்னும் போடுவாங்க." எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, கோப்பாக அடித்து, சொல் தேடலில் சேர்த்தேன். யாராவது "அடமானம்" என்று கேட்டால் ஈடு, ஒத்தி, போக்கியம் மூன்றும் கூடவே தேடப்படும். கேட்ட சொல்லுக்கு முழு எடை, கூடச் சேர்ந்த சொல்லுக்குப் பாதி எடை. எல்லாவற்றுக்கும் முழு எடை கொடுத்துப் பார்த்தேன், வேண்டாத பத்திரங்கள் மேலே ஏறிக்கொண்டன.

மொத்தத்தில் தேடல் நன்றாக வருவதற்கு எது பெரிய காரணம் என்று கேட்டால் நான் இந்த நோட்டைத்தான் சொல்வேன். உங்கள் துறையிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் இப்போதே உட்காருங்கள்.

முதல் 50 முடிவுகளையும் கேள்வியையும் சேர்த்து வைத்து மறுபடி படித்து வரிசைப்படுத்தும் ரீரேங்கர் மாடல்களும் இருக்கின்றன. பிஜிஇ-யிலேயே பன்மொழிக்கு ஒன்று உண்டு. தரம் கூடும், ஆனால் சாதாரண கம்ப்யூட்டரில் காத்திருக்க வேண்டிவரும். ஆள் எதிரே நிற்கும்போது எனக்கு அது ஒத்துவரவில்லை.

சரிபார்ப்பது

கட்சிக்காரர்கள் உண்மையிலேயே கேட்ட 50 கேள்விகளை, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே சரியான பத்திரம் எது என்று குமாஸ்தா அண்ணன் குறித்துக் கொடுத்தார். எண் கேட்டவை, ஊர்ப் பேச்சில் கேட்டவை, பெயரைத் தப்பாகச் சொன்னவை, ஆபீஸில் இல்லவே இல்லாத பத்திரத்தைக் கேட்டவை எல்லாம் கலந்து இருக்கும். எதை மாற்றினாலும், ஒரே ஒரு சந்தி விதியாக இருந்தாலும், ஐம்பதையும் மறுபடி ஓட்டுகிறேன். சொல் தேடல் மட்டும், பொருள் தேடல் மட்டும், இரண்டும் சேர்ந்து என்று மூன்று பத்தி. சரியான பத்திரம் முதல் பத்துக்குள் வந்ததா என்று மட்டும் பார்ப்பேன். எத்தனை வந்தது என்ற கூட்டுத்தொகையோடு நிற்காமல், நேற்று வந்து இன்று வராமல் போனது எது என்று பாருங்கள். சந்தி வெட்டும் விதியை முதலில் எழுதியபோது அது சர்வே எண் பத்திக்குள்ளும் புகுந்து வேலை செய்ததை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

வராமல் போன கேள்விகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். இப்போது அங்கே இரண்டு இருக்கின்றன. ஒன்று, ஸ்கேனில் மை பரவிப்போன ஒரு தபசில், அதைக் கையால்தான் அடிக்க வேண்டும். இன்னொன்றை ஒரு பெரியவர் போன வியாழக்கிழமை கேட்டார்: "எங்க கொல்லைக்கும் அவங்க கொல்லைக்கும் நடுவுல வேலி யாருதுன்னு எழுதியிருக்கும் பாருங்க." அளவுப் பத்தி அந்த "வேலி"யை நிலக் கணக்கு என்று எடுத்துக்கொண்டு, இருபது மா நிலங்களைத் தேடப் போய்விட்டது. முன்னால் எண் இருந்தால் மட்டுமே அளவு என்று எடுத்துக்கொள்ளும்படி இன்றைக்கு மாற்றியிருக்கிறேன். நாளைக் காலை ஐம்பத்தொன்றாவது கேள்வியாக அதையும் சேர்த்து ஓட்ட வேண்டும்.